45-ம் நாள் ஊசிக்கு வரும்போது காலம் கடந்திருக்கும்

பிறவி சி.எம்.வி: பச்சிளம் குழந்தைகளின் செவித்திறனைப் பறிக்கும் வைரஸைத் தவறான ஆளிடம், தவறான நேரத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம்

பிரசவ வார்டில் மதியச் சாப்பாட்டு நேரம். ரசம் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்து அடிக்கின்றன. பிறந்து இரண்டு நாளான ஆண்குழந்தை, பால் குடித்த களைப்பில் தூங்குகிறான். செவித்திறன் பரிசோதகர் கைக்கு அடக்கமான ஒரு கருவியோடு வந்து, "ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கம்மா... யாரும் பேசாதீங்க" என்கிறார். ரப்பர் முனை வைத்த மெல்லிய குழாயைக் குழந்தையின் காதில் பொருத்துகிறார். கருவி சின்னச் சின்ன ஒலிகளை உள்ளே அனுப்பும். உட்செவியின் மயிர்ச்செல்கள் நன்றாக இருந்தால் பதிலுக்கு மிக மெல்லிய ஒலி ஒன்று திரும்பி வரும். வலது காது: 'பாஸ்'. இடது காது: 'ரெஃபர்'. இன்னொரு முறை வைத்துப் பார்க்கிறார். மறுபடியும் 'ரெஃபர்'.

"பயப்படாதீங்கம்மா. காதுல தண்ணி இருந்தாலும் இப்படித்தான் காட்டும். நாப்பத்தஞ்சாம் நாள் ஊசி போட வருவீங்கல்ல, அப்போ இன்னொரு தடவை பாத்துடலாம்."

பாட்டி விடவில்லை. "எம் பேரன் கதவு சாத்துற சத்தத்துக்கே திடுக்குனு முழிக்கிறான். காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது."

செவிப் பரிசோதனைக் கருவி இருக்கிற எந்த மருத்துவமனையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பரிசோதகர் சொன்னதிலும் தப்பில்லை. 'ரெஃபர்' என்று வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காதில் தேங்கிய நீரும் அழுக்கும்தான் காரணம். மறுமுறை பார்த்தால் 'பாஸ்' ஆகிவிடுவார்கள். சிக்கல் மிச்சம் இருக்கும் குழந்தைகளிடம்தான். அவர்களில் ஒரு பங்கினருக்குத் தாயின் வயிற்றிலேயே சைட்டோமெகலோவைரஸ் தொற்றியிருக்கும். டாக்டர்கள் சுருக்கமாக சி.எம்.வி என்பார்கள். அது வயிற்றிலேயே வந்ததுதான் என்று உறுதிசெய்ய இருக்கும் கெடு, பிறந்ததிலிருந்து 21 நாள். 45-ம் நாள் ஊசிக்கு வரும்போது அந்தக் கெடு முடிந்து 24 நாள் ஆகியிருக்கும்.

எல்லோர் உடம்பிலும் இருப்பது

சின்னம்மையும் அக்கியும் உண்டாக்கும் வைரஸின் குடும்பம்தான் இதற்கும். உடம்புக்குள் ஒருமுறை நுழைந்தால் வெளியே போகாது. தூங்கும், எப்போதாவது விழிக்கும், மறுபடி தூங்கும். ஆரோக்கியமான பெரியவருக்கு இதனால் ஒரு தொல்லையும் இல்லை. சளிக் காய்ச்சல்போல வந்து போயிருக்கலாம், வந்ததே தெரியாமலும் இருக்கலாம். இந்தியப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தாயாகும் வயதுக்குள் இந்த வைரஸைச் சந்தித்துவிடுகிறார்கள்.

1881-ல் ஜெர்மன் மருத்துவர் ஹ்யூகோ ரிபர்ட், இறந்து பிறந்த குழந்தை ஒன்றின் சிறுநீரகத்தில் ஊதிப் பெருத்த விசித்திரமான செல்களைப் பார்த்தார். என்னவென்று புரியவில்லை. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் தனித்தனியே இந்த வைரஸைப் பிரித்தெடுத்தன. மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ, தாமஸ் வெல்லர் ஆகியோர் அவற்றை நடத்தியவர்கள். போலியோ ஆராய்ச்சிக்காக 1954-ல் நோபல் பரிசு வாங்கிய அதே வெல்லர்தான் இதற்குப் பெயரும் வைத்தவர். தொற்றிய செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆந்தைக் கண்போல இருக்கும். மருத்துவ மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது அதைத்தான்.

எத்தனை குழந்தைகள்? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த கணக்கு, பணக்கார நாடுகளில் ஆயிரம் பிறப்புக்குச் சுமார் 5, ஏழை மற்றும் நடுத்தர நாடுகளில் சுமார் 14 என்கிறது. தில்லி எய்ம்ஸ் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 423 குழந்தைகளைப் பரிசோதித்ததில் 9 பேருக்குப் பிறவி சி.எம்.வி இருந்தது. நூற்றுக்கு இரண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல் பிறப்புகள். நூற்றுக்கு ஒன்று என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் எட்டாயிரம் குழந்தைகள். இது காகிதக் கணக்குதான். ஆனால், காகிதத்தில்கூட யாரும் போட்டுப் பார்க்காத கணக்கு.

இந்த எட்டாயிரம் பேரும் நோயாளிகளாகப் பிறப்பதில்லை. பத்தில் ஒன்பது பேர் பார்வைக்குக் கொழுகொழுவென்றே இருப்பார்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான் நீண்டகாலப் பாதிப்பு வரும் என்பது அமெரிக்கக் கணக்கு.

எதிர்ப்புச் சக்தி இருந்துமா?

தாய்க்கு ஏற்கெனவே வந்துபோன வைரஸ்தானே, குழந்தைக்கு ஏன் வர வேண்டும்? மருத்துவ உலகமே வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. கர்ப்பகாலத்தில் முதல்முறையாகத் தொற்றினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குழந்தைக்குக் கடத்தப்படும் ஆபத்து உண்டு. பழைய தொற்று என்றால் நூற்றில் ஒன்று அளவுக்குத்தான். ஆகவே, எல்லோருக்கும் ஏற்கெனவே வந்திருக்கும் இந்தியா போன்ற நாடுகளுக்குக் கவலையில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

கோப்பைத் திறந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுரேஷ் போப்பனா. ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கும் தாய்க்கு, வேறு ரக சி.எம்.வி புதிதாகத் தொற்றி அது கருவுக்கும் போக முடியும் என்று 2001-ல் அவருடைய குழு காட்டியது. பிறகு பிரேசிலின் ரிபெய்ரோ பிரெட்டோ நகரில் 8,047 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். அங்கேயும் நம் ஊர்போலத்தான், கிட்டத்தட்ட எல்லாத் தாய்மாருக்கும் பழைய தொற்று உண்டு. 87 குழந்தைகளுக்குப் பிறவி சி.எம்.வி. அவர்களில் பத்தில் ஒருவருக்குச் செவித்திறன் குறைவு. தனியொரு தாய்க்கு ஆபத்து சின்னதுதான். ஆனால், அந்தச் சின்ன ஆபத்தை லட்சக்கணக்கான தாய்மாரால் பெருக்க வேண்டும். நம் நாட்டில் பாதிக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலோர் 'பாதுகாப்பான' தாய்மாருக்குப் பிறப்பவர்கள்.

'டார்ச் பாசிட்டிவ்'

இரண்டு முறை கரு கலைந்த பெண்ணிடமோ, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடமோ பேசிப் பாருங்கள். கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வெளியே வரும். அதற்குள் ஒரு லேப் ரிப்போர்ட். "எனக்கு டார்ச் பாசிட்டிவ்." டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சி.எம்.வி, ஹெர்பிஸ் ஆகியவற்றையும் வேறு சிலவற்றையும் சேர்த்த தொகுப்புக்கு 1971-ல் ஆண்ட்ரே நாமியாஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் சகாக்களும் வைத்த பெயர் அது. நோய் அறிகுறியோடு பிறக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போது டாக்டர்களுக்கு நினைவில் நிற்கட்டும் என்று வைத்தது. நம் ஊர் லேப்களின் விலைப்பட்டியலில் அது தாய்மாருக்கான 'பேக்கேஜ்' ஆகிவிட்டது.

ரிப்போர்ட்டில் ஐ.ஜி.ஜி என்ற வரிக்கு எதிரே எண் தடித்த எழுத்தில் இருக்கும். கூகுளில் தேடினால் 'கருவுக்கு ஆபத்து' என்று வரும். உண்மையில் ஐ.ஜி.ஜி பாசிட்டிவ் என்றால் என்றோ ஒருநாள் இந்த வைரஸ் வந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பாசிட்டிவாக வரக்கூடிய நாட்டில், அந்த வரியால் யாருக்கும் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. ஐ.ஜி.எம் பாசிட்டிவ் என்றால் புதுத் தொற்று என்பார்கள். அதுவும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும், பழைய வைரஸ் விழித்தாலும் காட்டும், சில நேரம் வேறு தொற்றைக்கூடத் தவறாக சி.எம்.வி என்று காட்டிவிடும். அடுத்தடுத்துக் கரு கலைவதற்குக் காரணம் தேட டார்ச் பரிசோதனை உதவாது என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி சொல்லி வருடங்கள் ஆகின்றன. நம் நகரங்களில் பேக்கேஜ் இன்னமும் நன்றாகவே விற்பனையாகிறது.

ஆயிரக்கணக்கில் பணம் போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டுக்குள் நடக்கிறது. "அவ உடம்புல ஏதோ கிருமி இருக்காம்" என்ற ஒரு வரி மாமியார் வீட்டில் என்னென்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிருமி மாமியார் உடம்பிலும் மாமனார் உடம்பிலும் ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்ன லேப் ஊழியரின் உடம்பிலும் இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

தாயின் ரத்தத்தில் இவ்வளவு தேடுகிற நாம், எங்கே தேடினால் விடை கிடைக்குமோ அங்கே தேடுவதில்லை. விடை இருப்பது குழந்தையின் சிறுநீரில்.

[பெட்டிச் செய்தி]
டார்ச் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா?

ஐ.ஜி.ஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் பழைய தொற்று. மருந்து எதுவும் வேண்டாம். திருப்பித் திருப்பிப் பரிசோதிக்கவும் வேண்டாம்.

ஐ.ஜி.எம் பாசிட்டிவ் என்றால் அதை வைத்து மட்டும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. கருக்கலைப்பு முடிவு எடுக்கவே கூடாது. தொற்று புதிதா பழையதா என்று ஓரளவு சொல்லக்கூடிய 'அவிடிட்டி' பரிசோதனை இருக்கிறது.

ஸ்கேனில் கருவின் தலை சிறியதாக இருக்கிறது, மூளையில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறது, குடலோ கல்லீரலோ வெளுத்துத் தெரிகிறது என்று சொன்னால் அப்போதுதான் சி.எம்.வி-யைத் தேட வேண்டும். சுமார் 20 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துப் பி.சி.ஆர் பார்ப்பதே அதற்கான வழி.

'பாஸ்' ஆன பிள்ளைக்கும் வரலாம்

பிறக்கும்போதே அறிகுறி காட்டும் குழந்தைகளை அடையாளம் காண்பது ஓரளவு சுலபம். எடை குறைவு, சிறிய தலை, உடம்பெல்லாம் ஊதா நிறப் பொட்டுகள், தணியாத மஞ்சள் காமாலை, வீங்கிய கல்லீரல், தட்டணுக்கள் குறைவு. இந்தக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார்கள், சி.எம்.வி-யை யாராவது ஒரு டாக்டர் நினைத்துப் பார்ப்பார். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தொற்றியிருந்தால் பாதிப்பு கடுமையாக இருக்கும். மூளை உருவாகும் நேரத்தில் வைரஸ் உள்ளே போனால் வலிப்பு, கை கால் இறுக்கம், அறிவு வளர்ச்சியில் தடை எல்லாம் வரலாம். விழித்திரையிலும் தழும்பு விழலாம்.

நழுவிப்போகிறவர்கள் கொழுகொழு குழந்தைகள்தான். சி.எம்.வி-யால் வரும் செவித்திறன் குறைவு ஒரே நாளில் வருவதில்லை. ஒரு காதில் ஆரம்பித்து மறு காதுக்குப் போகலாம், லேசாகத் தொடங்கி முழுதாக முடியலாம். இரண்டு வயதிலோ நான்கு வயதிலோகூடத் தொடங்கலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. பிறந்த சில வாரங்களிலேயே சி.எம்.வி-யால் செவித்திறன் குறைந்திருந்த குழந்தைகளில், மருத்துவமனைச் செவிப் பரிசோதனை பிடித்தது 57 சதவீதத்தினரைத்தான். மற்றவர்கள் 'பாஸ்' சான்றிதழோடு வீட்டுக்குப் போனவர்கள்.

வீட்டில் என்ன நடக்கும்? ஒன்றரை வயதில் "அம்மா" வரவில்லை. "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்." இரண்டு வயது. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்." டி.வி பக்கத்திலேயே போய் உட்காருகிறான். "செல்போன் பாத்துப் பாத்து இப்படி ஆயிட்டான்." யாரோ ஒரு பால்வாடி டீச்சரோ உறவுக்காரப் பெண்ணோ வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போகிறார்கள். தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி 'பெரா' என்ற செவிப் பரிசோதனை எடுக்கிறார்கள். அலை எழும்ப வேண்டிய இடத்தில் கோடு தட்டையாக ஓடுகிறது.

அடுத்த கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "சொந்தத்துல கல்யாணமா?" ஆமாம் என்றால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் உறவுமுறைத் திருமணம் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு முக்கியமான காரணம் என்பது உண்மை. ஆனால், அத்தை மகனைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் சி.எம்.வி வரும். காரணம் ஜீன் என்று முடிவுகட்டிவிட்டால், அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்று டாக்டர் சொல்ல நேரிடும். காரணம் சி.எம்.வி என்றால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமலே இரண்டாவது குழந்தை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்ட தம்பதிகள் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது, முதல் மூன்று வாரத்தில் சில துளிச் சிறுநீர்.

காதோடு சேர்ந்து உடம்பைச் சமநிலையில் வைக்கும் உறுப்பும் கெடலாம். அதைப் பற்றி நம் பரிசோதனைப் படிவங்கள் கேட்பதேயில்லை. கழுத்து நிற்பது தாமதமாகும், நடை தாமதமாகும். பகலில் நன்றாக நடக்கும் பிள்ளை ராத்திரி கரண்ட் போனால் தடுமாறி விழுவான், ஏனென்றால் அவன் அதுவரை கண்ணை வைத்தே சமாளித்துக்கொண்டிருந்தான்.

குழந்தை பிறக்கும்போதே காது கேளாமல் இருப்பதற்கான காரணங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சி.எம்.வி என்றும், நான்கு வயதில் கணக்கெடுத்தால் நான்கில் ஒரு பங்கு என்றும் 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. அமெரிக்கக் கணக்கு. ஜீன் காரணங்கள் அதிகமுள்ள நம் ஊரில் விகிதம் மாறலாம். தொற்றே இங்கு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

தாய்ப்பாலில் இந்த வைரஸ் உண்டு. பிரசவத்தின்போது பிறப்புப் பாதையிலிருந்தும் குழந்தைக்குத் தொற்றலாம். அப்படித் தொற்றிய வைரஸ் பெருகிக் குழந்தையின் சிறுநீரில் வெளியேற மூன்று வாரமாவது ஆகும். ஆக, 21 நாளுக்குள் சிறுநீரில் வைரஸ் இருந்தால் அது வயிற்றிலேயே வந்தது. அதற்குப் பிறகு கிடைத்தால் வயிற்றில் வந்ததா, பாலில் வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்: நிறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் வழி வரும் சி.எம்.வி எந்தத் தீங்கும் செய்வதில்லை. தாய்ப்பாலை நிறுத்த இது காரணமே அல்ல. மிகவும் குறைமாதத்தில், மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளிடம் மட்டும் டாக்டர்கள் கவனமாக இருப்பார்கள்.

பரிசோதனையில் ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை. பால் குடித்த குழந்தைக்கு ஒட்டும் பை ஒன்றை மாட்டிக் காத்திருந்தால் சிறுநீர் கிடைத்துவிடும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியைச் சுழற்றி எச்சிலும் எடுக்கலாம். பால் குடித்து ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாலில் இருக்கும் வைரஸே மாட்டும். எச்சிலில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதிசெய்ய வேண்டும். இரண்டுக்கும் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் தெருவுக்குத் தெரு பழகிய அதே தொழில்நுட்பம்.

செவிப் பரிசோதனைக்கு உலகம் முழுக்க '1-3-6' என்று ஒரு விதி உண்டு: ஒரு மாதத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. காதுக்கு மட்டும் பார்த்தால் நல்ல விதி. ஆனால், அதன் முதல் படியே சி.எம்.வி-யின் கெடுவைத் தாண்டிவிடுகிறது. நம் ஊரில் பல இடங்களில் மறுபரிசோதனையை 45-ம் நாள் தடுப்பூசியோடு சேர்த்துவிடுகிறார்கள். காரணமும் நியாயமானதுதான், தனியாகக் கூப்பிட்டால் பெற்றோர் வருவதில்லை. தாய் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பார், பஸ் மாறி வர வேண்டும், தீட்டு, காற்று கருப்பு என்று ஆயிரம் தடை.

ஆறு மாத மருந்து

கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்கலாம். வால்கேன்சிக்ளோவிர் என்று ஒரு மருந்து இருக்கிறது. அறிகுறிகளோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆறு வாரம் கொடுப்பதைவிட ஆறு மாதம் கொடுத்தால் இரண்டு வயதில் செவித்திறனும் மொழி வளர்ச்சியும் சற்று மேலாக இருக்கின்றன என்று டேவிட் கிம்பர்லின் தலைமையிலான அமெரிக்கக் குழு 2015-ல் நிறுவியது. 'சற்று' என்ற சொல் முக்கியம். போன செவித்திறன் திரும்பி வருவதில்லை, இருப்பதைக் காப்பாற்றும் முயற்சிதான் இது. அந்த ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் எல்லோரும் பிறந்த முதல் மாதத்துக்குள் மருந்தைத் தொடங்கியவர்கள்.

லேசான மருந்தும் அல்ல. குழந்தையின் எடையில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இரண்டு வேளை. ஐந்தில் ஒரு குழந்தைக்கு வெள்ளணுக்கள் இறங்கும். அதனால் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் எடுக்க வேண்டும். மருந்தைக் கையாளும் தாய் கையுறை போட வேண்டும். அவர் மறுபடி கருவுற்றிருந்தால் இன்னும் கவனம் தேவை. எந்த அறிகுறியும் இல்லாத, காதும் நன்றாக இருக்கிற குழந்தைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பதில் நிபுணர்களுக்குள் ஓரளவு ஒற்றுமை உண்டு. காது மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதில்தான் சர்ச்சை. அண்மையில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 'கொடுக்கலாம்' என்ற பக்கம் சாய்ந்திருக்கிறது.

மருந்தைவிடப் பெரிய பலன் கண்காணிப்பில் இருக்கிறது என்பது என் கருத்து. சி.எம்.வி என்று தெரிந்த குழந்தையை 'பாஸ்' ஆகிவிட்டான் என்று அனுப்பிவிட மாட்டார்கள். முதல் மூன்று வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, பிறகு ஆறு வயது வரை வருடத்துக்கு ஒருமுறை காதைப் பார்ப்பார்கள். கேட்பது குறையத் தொடங்கிய மாதத்திலேயே காதுக் கருவி மாட்டினால் பேச்சு தப்பிக்கும்.

யூட்டாவில் ஒரு பாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாகாணச் சட்டமன்றத்தில் ரோண்டா மென்லோவ் என்ற உறுப்பினர் 2013-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருடைய பேத்திக்குப் பிறவி சி.எம்.வி. சட்டம் கேட்டது சின்ன விஷயம்தான்: செவிப் பரிசோதனையில் இரண்டு முறை தேறாத குழந்தைக்கு 21 நாளுக்குள் சி.எம்.வி பார்க்க வேண்டும். பெண்களுக்கு இந்த வைரஸைப் பற்றி மாகாணம் சொல்லித்தர வேண்டும்.

அதன் பலனை 2017-ல் எழுதினார்கள். கெடுவுக்குள் பரிசோதிக்கப்பட்ட 234 குழந்தைகளில் 14 பேருக்கு சி.எம்.வி. அவர்களில் 6 பேருக்குச் செவித்திறன் குறைவு. யாரும் எதிர்பார்க்காத உபரி லாபமும் கிடைத்தது. 21 நாள் என்ற அவசரம் வந்ததால், சி.எம்.வி இல்லாத குழந்தைகளும் மறுபரிசோதனைக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் பதியும் ரத்தச் சொட்டிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் சி.எம்.வி பார்க்கத் தொடங்கினார்கள். 2023-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணம் அதைப் பின்பற்றியது. ரத்தச் சொட்டில் வைரஸ் குறைவாக இருப்பதால் சிலரைத் தவறவிடும் என்ற குறை உண்டு. ஆனால், அட்டை பத்திரமாக இருக்கும் ஊரில் இரண்டு வயதிலும் திரும்பிப் போய்ப் பார்க்கலாம். நம் ஊரில் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த அட்டையே கிடையாது.

மிச்சச் சோறு

இந்த வைரஸ் காற்றில் பரவுவதில்லை. எச்சிலிலும் சிறுநீரிலும் பரவுகிறது. தொற்றிய குழந்தை வருடக்கணக்கில் இரண்டிலும் வைரஸை வெளியேற்றும். கர்ப்பிணிக்கு ஆபத்து வெளியாளிடமிருந்து வருவதைவிட, வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையிடமிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

நம் வீட்டுப் பழக்கங்களை நினைத்துப் பாருங்கள். மூத்தவன் பாதி தின்று வைத்த பருப்புச் சோற்றை வீணாக்க மனம் வராமல் அதே ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுவது யார்? கர்ப்பிணி அம்மாதான். முறுக்கைக் கடித்துக் கொடுப்பது, ஐஸ்கிரீமை ஆளுக்கு ஒரு வாய் நக்குவது, வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவது, ஈரமான ஜட்டியை மாற்றிவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வது. இதில் எதுவும் குற்றமில்லை. பாசம் காட்டாதே என்று சொல்லவும் வரவில்லை. கர்ப்பிணியும் மூத்த பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடாமல் சில மாதம் தள்ளிப்போடலாம் என்பதுதான் செய்தி.

இத்தாலியில் நடந்த ஆய்வு ஒன்றில் இதுவரை சி.எம்.வி வராத கர்ப்பிணிகளுக்கு இந்த எளிய பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் 1.2 சதவீதம் பேருக்குத் தொற்றியது. சொல்லிக்கொடுக்காதவர்களில் 7.6 சதவீதம். நம் தாய்மாருக்குப் பழைய தொற்று இருப்பதால் அதே அளவு பலன் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது; புதிய ரகம் வருவதை இது குறைக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

[பெட்டிச் செய்தி]
மூத்த பிள்ளை உள்ள கர்ப்பிணிக்கு

பிள்ளையின் டயப்பர், ஜட்டி மாற்றிய பிறகும், மூக்கு, வாய் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.
பிள்ளையின் மிச்சத்தைச் சாப்பிட வேண்டாம். ஸ்பூன், டம்ளர், பிரஷ் தனித்தனி.
முத்தம் நெற்றியில்.
பால்வாடி, கிரெஷ்ஷில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதே விதி.

தடுப்பூசி வராதா?

ருபெல்லாவும் ஒரு காலத்தில் வயிற்றிலேயே காதையும் கண்ணையும் கெடுத்த வைரஸ்தான். வாட்ஸ்அப் வதந்திகளையும் மீறி 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்ட தட்டம்மை-ருபெல்லா ஊசி நினைவிருக்கலாம். சி.எம்.வி-க்கு 1970-களிலிருந்தே முயல்கிறார்கள். முதல்முறை தொற்றுவதைப் பாதியாகக் குறைத்த ஒரு தடுப்பூசி 2009-ல் நம்பிக்கை தந்தது. பிறகு எல்லோருடைய கண்ணும் மாடர்னாவின் எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசி மேல் இருந்தது. 2025 அக்டோபரில் அந்த நிறுவனமே அறிவித்துவிட்டது: மூன்றாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் இல்லை. வெற்றி பெற்றிருந்தாலும், ஏற்கெனவே வைரஸ் உள்ள பெண்களுக்கு அது என்ன செய்யும் என்ற நம் கேள்வி அப்படியேதான் நின்றிருக்கும்.

மாவட்டத்துக்கு ஒரு லேப் சும்மா இருக்கிறது

பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் சி.எம்.வி பார்க்கலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றும் ஆகாத நோயை எட்டாயிரம் வீடுகளில் அறிவித்தால் எத்தனை தாய்மார் தூக்கம் கெடுவார்கள்? தொடர்ந்து கண்காணிக்க நம்மிடம் செவித்திறன் நிபுணர்கள் போதுமா? டார்ச் ரிப்போர்ட் செய்த அதே கலவரத்தை அரசே செய்ததாகிவிடும்.

யூட்டா வழி நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 'ரெஃபர்' ஆன குழந்தைக்கும், தலை சிறியதாகவோ எடை குறைவாகவோ காரணம் தெரியாத காமாலையோடோ இருக்கிற குழந்தைக்கும் மட்டும் பார்த்தால் போதும். மறுபரிசோதனைக்கு 45-ம் நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் 'ரெஃபர்' வந்த அன்றே, டிஸ்சார்ஜ் ஆகும் முன், சிறுநீர் எடுத்து அனுப்பிவிடலாம். வீட்டுக்குப் போய்விட்டால், பச்சிளம் குழந்தைகளை வீடு தேடிப் பார்க்கும் தேசியத் திட்டத்தில் 14-ம் நாள் ஒரு வருகை ஏற்கெனவே இருக்கிறது. கொரோனாவுக்காக அரசு மருத்துவக் கல்லூரிகளில் வாங்கிய பி.சி.ஆர் இயந்திரங்கள் இருக்கின்றன, சி.எம்.வி-க்கு வேறு கிட் வாங்கினால் அவற்றிலேயே ஓட்டலாம். 'ரெஃபர்' ஆகும் குழந்தைகள் சொற்பம் என்பதால் கிட் செலவு அரசைச் சாய்த்துவிடாது. இல்லாதது, டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஒரு வரி.

21 நாள் தாண்டிய பிள்ளைக்கு

இதைப் படிக்கிறவர்களில் பலருடைய பிள்ளைகள் அந்தக் கெடுவைத் தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள். காரணம் கண்டுபிடிப்பதைப் பிறகு பார்க்கலாம், காதை உடனே பாருங்கள். 'பாஸ்' சான்றிதழ் இருந்தாலும், ஒன்றரை வயதில் சொற்கள் வரவில்லை என்றால் 'பெரா' கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள ஆரம்ப இடையீட்டு மையங்களில் இதற்கு வழிகாட்டுவார்கள்.

காதுக் கருவி போதாத குழந்தைகளுக்கு, அறுவை சிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கு இது இலவசம். இந்தியாவில் இதை முன்னோடியாகச் செய்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அறுவை சிகிச்சை பாதி வேலைதான். பிறகு வருடக்கணக்கில் வாராவாரம் பேச்சுப் பயிற்சி; பெரும்பாலும் அம்மா வேலையை விடுவார், பஸ் பாஸ் எடுப்பார்.

பிறக்கும்போதே செவித்திறன் இல்லாத குழந்தைக்கு அந்த 6 வயது வரம்பு தாராளம். சி.எம்.வி குழந்தைக்கு அப்படியில்லை. மூன்று வயது வரை கேட்டு, நான்கில் மங்கி, ஐந்தில் முழுதாக அடைபடும் காதுகள் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது பதில் சொல்வதில்லை என்று வீட்டார் கவனித்து, அடம் என்று நினைத்து அடித்து, டீச்சர் சொல்லி, டாக்டரிடம் போய், காதுக் கருவி போட்டுப் பார்த்து, அது போதாது என்று தெரியவரும்போது பிள்ளைக்கு ஐந்தே முக்கால் வயது. காப்பீட்டு அட்டைக்கான வருமானச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸில் வரிசையில் நிற்க வேண்டும்.